எத்தனை தேர் வரைக்கும்?

வீராம்பட்டினத்தில் வருடங்களைத் தேரை வைத்தே எண்ணிவிடலாம். ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்த வழக்கம், ஆட்சி போன பிறகும் போகவில்லை.

அந்தக் கூட்டத்தில், ஒரே படகில் கடலுக்குப் போகும் இரண்டு நண்பர்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். (கற்பனை ஆட்கள்தான், ஊரில் போய் யாரென்று தேட வேண்டாம்!) இருவருக்கும் ஒரே வருடத்தில் எச்.ஐ.வி. தொற்றிவிடுகிறது. ஒருவருக்கு எச்.ஐ.வி.-1, மற்றவருக்கு எச்.ஐ.வி.-2. இருவருமே மருந்து எதுவும் எடுக்கவில்லை. இன்னும் எத்தனை தேருக்கு இவர்கள் வடம் பிடிப்பார்கள்?

"எச்.ஐ.வி.யில் ஒன்று, இரண்டு எல்லாம் இருக்கிறதா?" என்றுதான் பலரும் கேட்பார்கள். இருக்கிறது. முதலாவது, மத்திய ஆப்பிரிக்கச் சிம்பன்சியிடமிருந்து மனிதனுக்கு வந்தது. 1983-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் கண்டுபிடித்தார்கள். இரண்டாவது, மேற்கு ஆப்பிரிக்காவில் வாழும் வேறொரு குரங்கிடமிருந்து வந்தது. லிஸ்பனில் சிகிச்சை பெற்ற மேற்கு ஆப்பிரிக்க நோயாளிகளின் ரத்தத்தில் இதையும் அதே பாரிஸ் குழுவினர்தான் கண்டறிந்து 1986-ல் அறிவித்தார்கள். அதே 1986-ல்தான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் இரண்டாவது வகையும் இந்தியாவில் தென்பட்டது. இங்கே பெரும்பாலோருக்கு இருப்பது முதல் வகைதான். இரண்டாவது கொஞ்சம் பேருக்குத்தான். அதிலும் மேற்கு, தென் மாநிலங்களில்.

சரி, தேர்க் கணக்குக்கு வருவோம். கினி-பிசாவ் என்ற குட்டி நாட்டில் போலீஸ்காரர்களை 1990-லிருந்து பல வருடங்கள் தொடர்ந்து பரிசோதித்து வந்தார்கள். 2018-ல் வெளியான அந்த ஆய்வின்படி, தொற்றியதிலிருந்து எய்ட்ஸ் வர எச்.ஐ.வி.-1 உள்ளவர்களுக்கு இடைநிலையாக 6.2 வருடம், எச்.ஐ.வி.-2 உள்ளவர்களுக்கு 14.3 வருடம். உயிரோடு இருந்த காலம் முறையே 8.2, 15.6 வருடம். அதாவது முதல் நண்பர் ஏழாவது தேருக்குள் படுத்துவிடலாம். மற்றவர் அப்போதும் வலை இழுத்துக்கொண்டிருப்பார், தனக்கு ஒன்று இருப்பதே தெரியாமல்.

காரணம், எச்.ஐ.வி.-2 ரத்தத்தில் மிகக் குறைவாகவே பெருகுகிறது. அதனால் சிடி4 எனப்படும் வெள்ளணுக்கள் மெதுவாகக் குறைகின்றன. தாயிடமிருந்து குழந்தைக்குப் போவதும் குறைவு.

இதைப் படித்துவிட்டு "ரெண்டுன்னா தப்பிச்சோம்" என்று நினைத்தால் அது பெரிய தவறு. அதே ஆய்வில், மருந்து இல்லாமல் விட்டால் எச்.ஐ.வி.-2 உள்ளவர்களிலும் பெரும்பாலோர் கடைசியில் எய்ட்ஸில்தான் போய் நின்றார்கள். இவர்களுக்குச் சிடி4 அந்த அளவுக்குக் குறையாதபோதே நோய் முற்றிவிடுவதும் உண்டு!

இதைவிட மோசமான விஷயம் மருந்தில் இருந்தது. 2004 ஏப்ரல் 1-ல் அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, மூன்று மருந்துகளில் ஒன்று பெரும்பாலும் நெவிரபின் அல்லது எஃபாவிரென்ஸ். இரண்டுமே எச்.ஐ.வி.-2-ஐ ஒன்றும் செய்யாது. வகை தெரியாமல் இதைக் கொடுத்தால், நோயாளி தினமும் ஒழுங்காக விழுங்கினாலும் வேலை செய்வது இரண்டு மருந்துதான். அந்த இரண்டுக்கும் வைரஸ் பழகிப்போனால் அப்புறம் மாற்று மருந்தும் குறைவு. மெதுவான வைரஸ், சாவகாசமாகப் பழகிக்கொள்ளும்.

இன்றைக்கு அந்த இரண்டு நண்பர்களும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போனால் பெரும்பாலும் ஒரே மாத்திரைதான் கிடைக்கும். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்தது, தினம் ஒன்று. இது இரண்டு வகைக்கும் கேட்கும். ஆனாலும் ரிப்போர்ட்டில் வகை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் ரத்தத்தில் வைரஸை எண்ணும் பரிசோதனைகள் பல, எச்.ஐ.வி.-1-ஐ மட்டுமே எண்ணும். இரண்டாவது நண்பருடைய ரத்தத்தை அதில் வைத்தால், உடம்பில் எவ்வளவு வைரஸ் இருந்தாலும் "ஒன்றும் இல்லை" என்றுதான் வரும்.