நெகிழ்வட்டில் ஒரு தோட்டம்

அலோர் ஸ்டார் நகரை அடுத்துள்ள மெர்கோங்கில் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை மணி ஒன்பது. வழக்கமாகக் கார் நிற்கும் முன்புறத்தில் அன்று இரண்டு நீண்ட மேசைகள் போடப்பட்டிருந்தன. அவற்றின்மேல் பழைய கணினிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒரு பெட்டித் தொலைக்காட்சி, திருப்புளிகள், தூரிகைகள், பஞ்சு, ஒரு புட்டி ஆல்கஹால், ஒரு குடுவை தேநீர்.

அங்குக் கூடியிருந்தவர்கள் ஐவர். வீட்டுக்காரர் மின்னணுத் தொழிற்சாலையில் பழுதுபார்ப்பாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பெரியவர்கள் அவரை 'அண்ணே' என்பார்கள். இளையவர்களுக்கு அவர் 'அங்கிள்'. மற்றவர்களுள் ஒருவர் வங்கி ஊழியர். இன்னொருவர் லாரி ஓட்டுநர். கணினித்துறை மாணவி ஒருத்தியும் நான்காம் படிவத்தில் பயிலும் அவளுடைய தம்பியும் வந்திருந்தனர்.

வங்கி ஊழியர் கொண்டுவந்திருந்தது சின்கிளேர் ஸ்பெக்ட்ரம். 1982ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த கணினி அது. ரப்பர் பொத்தான்கள் கொண்ட அந்தச் சிறிய கணினியின் நினைவகம் 48 கிலோபைட்டே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் பெரும்பாலும் அதைப்போல் ஐம்பது மடங்குக்கும் மேலான இடத்தை எடுத்துக்கொள்ளும். அருகில் இருந்த கமடோர் 64 அதே 1982ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்தது. இரண்டுக்கும் தொலைக்காட்சிப் பெட்டியே திரை. பாட்டுக் கேட்கும் ஒலிநாடாவே நிரல் சேமிக்கும் இடம்.

லாரி ஓட்டுநர் ஒலிநாடாவை ஓட விட்டார். கிரீச்சென்ற ஓசை எழுந்தது. திரையின் ஓரங்களில் வண்ணக் கோடுகள் ஓடின. விளையாட்டு ஏறி முடிய ஐந்து நிமிடம் ஆகும் என்றார்கள். நான்காவது நிமிடத்தில் எல்லாம் நின்றுபோனது. அவர் சலித்துக்கொள்ளவில்லை, நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி மீண்டும் ஓட விட்டார்.

"அங்கிள், இந்த விளையாட்டைக் கைப்பேசியிலேயே விளையாடலாமே. இவ்வளவு சிரமம் எதற்கு?" என்று கேட்டான் தம்பி.

அவர் சிரித்தாரே தவிர, பதில் சொல்லவில்லை. எரிகிற சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்துவிட்டு, ஒரு பழைய மின்வழங்கியைக் கழற்றத் தொடங்கினார். நெடுநாள் கிடந்த கணினியை எடுத்தவுடன் மின்சாரத்தில் பொருத்தக்கூடாது என்பது அவருடைய முதல் விதி. பழைய மின்வழங்கி பழுதாகி, 5 வோல்ட் தர வேண்டிய இடத்தில் கூடுதல் மின்னழுத்தம் தந்தால், நினைவகச் சில்லுகள் நொடியில் கெட்டுவிடும்.

இத்தகைய கூட்டங்கள் கணினி உலகிற்குப் புதியவை அல்ல. 1975ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு வீட்டின் கார்க் கொட்டகையில் ஆர்வலர்கள் சிலர் கூடினார்கள். ஹோம்புரூ கணினிக் கழகத்தின் முதல் கூட்டம் அது. அங்கு வந்திருந்த ஸ்டீவ் வாஸ்னியாக் என்னும் இளைஞர்தான் பின்னர் முதல் ஆப்பிள் கணினியை வடிவமைத்தார். அதே மாநிலத்தில் 1997ஆம் ஆண்டு பழங்கணினித் திருவிழா தொடங்கியது. முன்னவர்கள் கணினியை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடினார்கள். பின்னவர்கள் வீட்டிலிருந்து குப்பைக்குப் போகும் கணினியைக் காக்கக் கூடினார்கள்.

பத்து மணியளவில் வாசலில் ஒரு கார் நின்றது. தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் இறங்கினார். அவர் கையில் ஓர் உறை இருந்தது. அதிலிருந்து ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டு ஒன்றையும், மடித்து வைத்த ஒரு தாளையும் எடுத்தார். வட்டின் ஒட்டுத்தாளில் 'தோட்ட வரலாறு, 1993' என்று நீல மையால் எழுதப்பட்டிருந்தது.

"இது அப்பாவின் கையெழுத்து. சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தார். தோட்டத்தில் இருந்த எல்லாக் குடும்பங்களின் பெயர்களையும் இதில் தட்டி வைத்ததாகச் சொல்வார். இப்போது அப்பாவும் இல்லை; தோட்டமும் இல்லை. போன இடமெல்லாம் இதைப் போடுவதற்கு இயந்திரமே இல்லை என்கிறார்கள்" என்றார் ஆசிரியை.

லாரி ஓட்டுநர் வட்டை வாங்க முற்பட்டார். வீட்டுக்காரர் கையை நீட்டித் தடுத்தார். "பொறுங்கள் தம்பி. முதலில் பார்ப்போம்" என்றவர், உறையின் நீள்வட்டத் திறப்பை விளக்கொளியில் காட்டினார். கறுத்த தகட்டின்மேல் வெண்மையான பொட்டுகள் தெரிந்தன. பூஞ்சணம்! நம் நாட்டு ஈரக்காற்றில் பழைய வட்டுகளைப் பிடிக்கும் நோய் இது. அப்படியே ஓட்டினால் படிக்கும் தலை பூஞ்சணத்தைத் தேய்த்து, தகட்டின் காந்தப் பூச்சையும் சுரண்டிவிடும்.

அவர் உறையின் ஒரு விளிம்பை மெல்ல அறுத்தார். உள்ளிருந்த வட்டத் தகட்டை வெளியே எடுத்தார். ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அதனை மெதுவாகத் துடைத்தார். ஆசிரியை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருந்தார். தகடு உலர்ந்ததும் வேறொரு தூய உறையில் இட்டு, மேசையின் கோடியில் இருந்த பழைய தனியாள் கணினியின் வாயில் செருகினார்.

அவ்வகை வட்டின் கொள்ளளவு 360 கிலோபைட்டு. இரு பக்கங்கள், பக்கத்துக்கு 40 தடங்கள், தடத்துக்கு 9 பிரிவுகள். ஆக மொத்தம் 720 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் 512 பைட்டுகள் அடங்கும். மாணவி எழுதிய சிறு நிரல் ஒவ்வொரு பிரிவாகப் படித்தது. படிக்க முடியாத பிரிவைப் பத்து முறை முயன்று பார்த்தது. அரை மணி நேரம் கழித்துத் திரையில் முடிவு தெரிந்தது. 720 பிரிவுகளில் 709 கிடைத்திருந்தன.

கைதட்டல் எழுந்தது. ஆனால், கோப்பைத் திறந்தபோது அந்த மகிழ்ச்சி அடங்கியது. திரையில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் விசித்திரமான குறிகளும் கலந்து கிடந்தன.

"கெட்டுப்போய்விட்டதா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் ஆசிரியை.

"இல்லை டீச்சர். எழுத்துகள் பத்திரமாக இருக்கின்றன. எந்த எண் எந்த எழுத்து என்பதுதான் நமக்குத் தெரியவில்லை" என்றாள் மாணவி.

அவள் கூறியதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். தொடக்கக் காலத்தில் தமிழுக்கென்று பொதுவான எண் வரிசை இல்லை. நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' மென்பொருளை உருவாக்கினார். வேறு பலரும் ஆங்காங்கே தனித்தனியாக முயன்றனர். ஒருவர் 'அ'வுக்கு ஓர் எண்ணைத் தந்தால் மற்றொருவர் வேறோர் எண்ணைத் தந்தார். ஒன்றில் தட்டியதை மற்றொன்றில் படிக்க இயலவில்லை. இக்குறையைப் பேசித் தீர்க்கவே 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டைத் தொட்டுத் தாம், தாப் என்னும் குறியாக்கங்கள் வந்தன. இன்று உலகமெங்கும் வழங்குவது யூனிகோடு. ஆசிரியையின் தந்தை தட்டெழுதியதோ 1993இல். அவர் பயன்படுத்திய எண் வரிசை எது என்று சொல்ல அவர் இல்லை.

அப்போதுதான் ஆசிரியைக்கு அந்த மடித்த தாள் நினைவுக்கு வந்தது. அதே கோப்பின் முதல் பக்கத்தைத் தந்தை அந்நாளிலேயே அச்செடுத்து வைத்திருந்தார். புள்ளி அச்சுப்பொறியின் மங்கிய எழுத்துகள்.

"டீச்சர், இதுதான் சாவி!" என்று துள்ளினாள் மாணவி.

அக்காளும் தம்பியும் தாளையும் திரையையும் ஒப்பிடத் தொடங்கினார்கள். தாளில் 'தோட்டம்' என்று இருந்த இடத்தில் திரையில் என்ன குறி, 'பள்ளி' என்று இருந்த இடத்தில் என்ன குறி என்று தம்பி சொல்லச் சொல்ல, அவள் பட்டியலிட்டாள். 247 எழுத்துகளுக்கும் 247 எண்கள் தேவைப்படவில்லை. கால், கொம்பு, கொக்கி போன்ற துணைக்குறிகளுக்குத் தனித்தனி எண்கள் இருந்தன. கு, கூ போன்ற எழுத்துகள் மட்டும் முழு வடிவமாக இருந்தன.

பட்டியல் முடிந்தும் ஒரு சிக்கல் மிஞ்சியது. பழைய முறை கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுத்தைச் சேமித்தது. 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு 'க'. யூனிகோடோ ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது. முதலில் 'க', பிறகு கொம்பு. மாணவி அதற்கும் ஒரு விதி எழுதிச் சேர்த்தாள்.

மாலை நான்கு மணிக்கு, குறிகள் மறைந்து தமிழ் தெரிந்தது.

பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, பால் கொட்டகை, கோயில் மரத்தடி. ஒவ்வொன்றும் எங்கே இருந்தது, யார் பொறுப்பில் இருந்தது என்றெல்லாம் தலைமையாசிரியர் எழுதி வைத்திருந்தார். அடுத்து லயம் லயமாக, வீடு வீடாகப் பெயர்கள். ஆசிரியை உரக்கப் படித்தார். மேட்டு லயத்தின் நடுவே குரல் நின்றது. அங்கே வெறும் இடைவெளி. கிடைக்காத பதினொரு பிரிவுகளில் ஒன்று சரியாக அங்கே விழுந்திருந்தது. பன்னிரண்டு குடும்பங்கள் இல்லை.

யாரும் பேசவில்லை. இயந்திரத்தால் செய்யக்கூடியது முடிந்துவிட்டது.

ஆசிரியை கைப்பேசியை எடுத்துத் தாயாரை அழைத்தார். "அம்மா, மேட்டு லயத்தில் ஐந்தாம் வீட்டுக்குப் பிறகு யார் யார் இருந்தார்கள்?"

மறுமுனையில் சிறிது நேரம் அமைதி. பிறகு அந்த எண்பது வயது மூதாட்டி ஒவ்வொரு வீடாகச் சொல்லத் தொடங்கினார். யார் பால் மரம் சீவினார்கள், யார் பிள்ளை பட்டணத்துக்குப் படிக்கப் போனான், யார் வீட்டு வாசலில் மருதாணிச் செடி இருந்தது. தம்பி வேகவேகமாக எழுதினான். பத்துக் குடும்பங்கள் நிரம்பின. இரண்டு பெயர்கள் மட்டும் அவருக்கு நினைவில் இல்லை. "இன்னும் இரண்டு ஆண்டு முன்னால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கண்ணு" என்றார்.

கோப்பை மூன்று இடங்களில் சேமித்தார்கள். தாளிலும் ஒரு படி எடுத்தார்கள். அந்த இரண்டு வீடுகளுக்கு நேரே கோடிட்டு வைத்தார்கள். தோட்டத்தைவிட்டுச் சிதறிப்போன குடும்பங்களுள் யாருக்கேனும் தெரிந்திருக்கலாம் என்றார் ஆசிரியை. வரும் பள்ளி விடுமுறையில் தேடிப்போகப் போவதாகவும் சொன்னார்.

மேசைகளை மடித்து வைக்கும்போது, "உன் கைப்பேசியில் எத்தனை படங்கள் இருக்கின்றன?" என்று தம்பியிடம் கேட்டார் வீட்டுக்காரர்.

"நாலாயிரத்துக்கு மேல் இருக்கும், அங்கிள்."

"அதில் இருப்பவர்களின் பெயரை எங்காவது எழுதி வைத்திருக்கிறாயா?"

இம்முறை பதில் சொல்லாதவன் தம்பி. வீட்டுக்குத் திரும்பியதும் அவன் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்தான். தாத்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கைப்பேசியில் சென்ற தீபாவளிக் குடும்பப் படத்தைத் திறந்து, இடப்பக்கம் முதலில் நிற்பவர் யார் என்று கேட்டான்.