சின்னக் கரெக்‌ஷன்தான் தம்பி

ராத்திரி பத்தரை மணிக்குப் போன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும் அந்தப் பக்கம் என்ன சொல்லப்போகிறார்கள் என்று. "ஒண்ணுமில்ல தம்பி, சின்னக் கரெக்‌ஷன்தான். ரெண்டு நிமிஷ வேலை." பதினைந்து வருஷத்துக்கும் மேலாக என் பிழைப்பு ஓடுவது இந்த ரெண்டு நிமிஷத்தில்தான். ஒரு தடவை குப்புற விழுந்ததும் இதில்தான்.

மதுரையில் ஒரு டிடிபி சென்டரில் ஐந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, 2009-ல் தனியாக வந்தேன். கையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் கோரல்டிரா. அது எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்; அந்தக் காலத்தில் யாரும் யாரையும் கேட்டதில்லை. முதல் வேலை ஒரு ஜவுளிக்கடைக்குத் துணிப்பை டிசைன். மூன்று நாள் உட்கார்ந்து செய்தேன். கடைக்காரர் "எவ்வளவுப்பா?" என்றார். "பாத்துக் குடுங்கண்ணே" என்றேன். அவர் பார்த்தார். நூற்றைம்பது ரூபாய் கொடுத்தார்.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? விலையைத் தீர்மானிக்கும் வேலையையும் அவரிடமே கொடுத்தது நான்தான். வாய்கூசாமல் ஒரு தொகையைச் சொல்லிப் பழக எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. கோரலில் நிழல் விழவைக்கவும் கலர் பிரிக்கவும் சொல்லிக்கொடுத்த டிடிபி முதலாளி அண்ணாச்சி இதைச் சொல்லித்தரவில்லை. அவருக்கே அது வராது என்பது பிறகுதான் புரிந்தது.

மாதச் சம்பளம் போனதும் நான் கற்றுக்கொண்ட காலண்டர் வேறு. தை, வைகாசி, ஆவணி என்றால் கல்யாணப் பத்திரிகை. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆனால் ஆடித் தள்ளுபடி உண்டு. அதனால் மாப்பிள்ளை பெண் பெயர் அடித்த அதே கை 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' அடித்துக்கொண்டிருக்கும். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். அதற்குப் பின்னால் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக "நம்ம பேர் கொஞ்சம் பெருசா வரட்டும்" என்று வருவார்கள். மார்கழி வந்தால் சென்னைப் புத்தகக் காட்சிக்காக எல்லாப் பதிப்பகத்துக்கும் ஒரே வாரத்தில் அட்டை வேண்டும். புரட்டாசியும் பங்குனியும்தான் வெறும் மாதம். அந்த இரண்டுக்கும் சேர்த்து ஆவணியிலேயே அரிசி வாங்கிப்போட வேண்டும் என்பது என் மனைவி கண்டுபிடித்த பொருளாதாரம்.

குப்புற விழுந்த கதைக்கு வருகிறேன். அதற்கு முன், எங்கள் தொழிலில் தமிழ் எழுத்து எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். அரசாங்கம் 2010-ல் யுனிகோடை ஏற்றுக்கொண்டது உண்மை. அச்சகங்களுக்கு அது உடனே தெரியவில்லை. நாங்கள் புழங்கிய ஃபான்ட்களில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தின் இடத்தில் குடியிருக்கும். அந்த ஃபான்ட் என் கம்ப்யூட்டரில் இருக்கிறவரை 'நிகழும் மங்களகரமான' என்று தெரியும். அச்சகத்துக் கம்ப்யூட்டரில் அது இல்லாவிட்டால் அதே வரி ஆங்கில எழுத்தும் கமாவும் கலந்த குப்பையாக நிற்கும். அதனால் வேலை முடிந்ததும் எழுத்து முழுவதையும் 'கர்வ்ஸ்' ஆக்கி அனுப்புவோம். கர்வ்ஸ் ஆக்கிவிட்டால் அது எழுத்தே இல்லை, படம். எந்தக் கம்ப்யூட்டரிலும் அப்படியே திறக்கும். ஆனால் அதற்கு மேல் அதில் ஒரு புள்ளிகூடத் தட்டச்சு செய்ய முடியாது. கர்வ்ஸ் ஆக்குவதற்கு முந்தைய ஃபைலைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பாலபாடம்.

2011 ஆவணி. அறுநூறு பத்திரிகை. டிசைனுக்கு என் கூலி நானூறு ரூபாய். ஃபைலை அச்சகத்துக்கு அனுப்பி, சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோது போன். பெண்ணின் சித்தப்பா. "சின்னக் கரெக்‌ஷன் தம்பி. தாய்மாமன் பேர் மூணு இருக்குல்ல, மூத்தவர் பேர் கடைசில கிடக்கு. அவர் மொதல்ல வரணும், இல்லேன்னா சபையில பேச்சாயிரும். முத பேரைக் கடைசிக்குக் கொண்டுபோயிருங்க." அவ்வளவுதான். மேலே இருப்பதைக் கீழே, கீழே இருப்பதை மேலே. தூக்கக் கலக்கத்தில் பார்த்தால், கர்வ்ஸ் ஃபைலை முந்தையதன் மேலேயே சேமித்துத் தொலைத்திருக்கிறேன். சரி, எழுத்துதானே நகர வேண்டும், படமாகவே நகர்த்திவிடலாம் என்று இரண்டு பெயரையும் சுட்டெலியால் பிடித்து இடம் மாற்றினேன். நிஜமாகவே ரெண்டு நிமிஷம்தான் ஆயிற்று.

பெயருக்கு முன்னால் வரும் 'திரு.' எல்லாம் ஒரே நேர்கோட்டில் அழகாக நிற்க வேண்டும் என்று அவற்றை மட்டும் தனி வரிசையாகக் கட்டி வைத்திருந்தேன். அழகுக்காக நான் செய்த வேலை. பெயர்கள் நகர்ந்தன, அந்த வரிசை நகரவில்லை. மூத்த தாய்மாமன் காலமாகி ஆறு வருஷம். அவருக்காகக் கடைசி வரியில் போட்டிருந்த 'தெய்வத்திரு.' அங்கேயே நின்றது. அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தது இளையவர் பெயர். அவர் திண்டுக்கல் பக்கம் மிளகாய் வியாபாரம் செய்துகொண்டு நன்றாக இருந்தார்.

நூற்றுச் சொச்சம் பத்திரிகை வெளியே போன பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்காரர்கள் திட்டியது எதுவும் இப்போது நினைவில் இல்லை. அன்று சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து வந்த போன் நினைவிருக்கிறது. "தம்பி, டிசைன் பண்ணவரா? நான்தான் பேசுறேன். தெய்வத்திரு." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவரே, "உசுரோடதான்ப்பா இருக்கேன். வேற அடிச்சுக் குடுத்திரு, எங்க வீட்டுல அழுதுகிட்டுக் கெடக்கா" என்றார்.

அடித்துக் கொடுத்தேன். காகிதம், அச்சு எல்லாம் என் கையிலிருந்து. நானூறு ரூபாய் வேலைக்கு ஏழாயிரத்துச் சொச்சம் போயிற்று. மனைவியின் வளையல் ஒன்று இரண்டு மாதம் அடகில் இருந்தது.

அதற்குப் பிறகு போனில் திருத்தம் வாங்குவதை விட்டுவிட்டேன். எழுதித் தர வேண்டும். வாட்ஸப் வந்த பிறகு இது சுலபமாகிவிட்டது. பத்திரிகை என்றால் வீட்டுப் பெரியவர் ஒருவர் நேரில் வந்து, ப்ரூஃப் தாளை வாய்விட்டுப் படித்து, கீழே கையெழுத்துப் போட வேண்டும். மனதுக்குள் படித்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். வாய்விட்டுப் படிக்கும்போது இன்ஷியல் தப்பு காதில் இடிக்கும். இரண்டு திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து காசு, பாதிப் பணம் முன்பணம். "என்ன தம்பி, கவர்மென்ட் ஆபீஸ் மாதிரி பண்றீங்க" என்று சிலர் எழுந்து போனார்கள். போனவர்களில் பாதிப்பேர் அடுத்த கல்யாணத்துக்குத் திரும்பி வந்தார்கள். மீதிப்பேருக்கு இப்போது மச்சான் மகன் கேன்வாவில் செய்து தருகிறான். நன்றாகவே செய்கிறான், சொல்லப்போனால்.

பாக்கி வசூல் மட்டும் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. சட்டம் என் பக்கம்தான். 2006-ல் வந்த சட்டப்படி, உத்யம் பதிவு வைத்திருக்கும் என்னைப் போன்ற சிறு தொழில்காரனுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்தாக வேண்டும். 2023-24 கணக்கிலிருந்து, தராமல் இழுத்தடிக்கும் தொகையை அந்த வருஷத்துச் செலவாக வரிக் கணக்கில் கழிக்கவும் முடியாது. இதையெல்லாம் கம்பெனிக்காரர்களுக்கு மெயிலில் எழுதலாம். எழுதினால் வேலையும் செய்கிறது. பஜார் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை போனால் இன்று லட்சுமியை வெளியே அனுப்பக் கூடாது. சாயங்காலம் போனால் விளக்கு வைத்தாயிற்று. காலையில் போனால் இன்னும் போணியே ஆகவில்லை. மதியம் முதலாளி தூங்கப் போயிருப்பார். பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டரைக்குள், வெள்ளி செவ்வாய் நீங்கலாக, ராகுகாலம் எமகண்டம் பார்த்துப் போய் நின்றால் "நாளைக்கு வாங்க தம்பி" என்பார். நானும் டீ குடித்துவிட்டு வருவேன். அடுத்த வேலையை ஒப்புக்கொண்டும் வருவேன்.

போன வருஷம் புரட்டாசியில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் பேசினார். அப்பா தவறிவிட்டார், பதினாறாம் நாள் காரியத்துக்குக் கார்டு அடிக்க வேண்டும் என்றார். "நீங்கதான் அடிக்கணும்னு அம்மா சொல்றாங்க. உங்களைப் பத்தி அப்பா அடிக்கடி சொல்லிச் சிரிப்பாரு." யார் என்று அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

பழைய ஃபைல் எதையும் திறக்கவில்லை. புதிதாக எடுத்து, அந்தச் சொல்லை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். பக்கத்தில் பெயரை அடித்தேன். இரண்டையும் பிரிக்காமல் ஒரே வரியாக வைத்தேன். மனைவியைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். ப்ரூஃப் அனுப்பி அரைமணி நேரத்தில் அந்தப் பையன் கூப்பிட்டார்.

"சின்னக் கரெக்‌ஷன்ண்ணே. அப்பா வயசு எழுபத்தொம்பது இல்ல, எண்பது."

"எழுதி அனுப்புங்க தம்பி" என்றேன். அனுப்பினார்.