ராயக்கோட்டை வழியே ஒரு புகைப்படப் பிரயாணம்

நம் ஜீவனஹள்ளியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பூர்வீகம் பழைய வட ஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களே என்பது அன்பர்கள் அறிந்ததே. 1809-இல் வெள்ளையர் இங்கே தண்டு அமைத்த பின்னர்ப் பிழைப்பை நாடி வந்தவர்களின் சந்ததியார் நம்மில் பலர். அவர்கள் விட்டுவந்த நாட்டை நோக்கிப் பெங்களூரிலிருந்து புறப்பட்டுச் சென்று படம் பிடித்த ஒருவரைப் பற்றி இங்கே கூற விரும்புகிறோம்.

அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். 1822-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சென்னைப் பட்டாளத்தில் கேப்டனாக இருந்தவர். 1856-இல் சென்னை மாகாண அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் தம் தொழிற்கூடத்தை அமைத்தது பெங்களூரிலேதான். 1857 டிசம்பர் மத்தியில் புறப்பட்டு, ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களைக் கண்டு, 1858 ஏப்ரல் இறுதியில் சென்னை சேர்ந்தார். பெங்களூருக்கு ரயில் வந்தது 1864-இல். ஆகவே சாமான்கள் யாவும் மாட்டு வண்டியிலேயே சென்றன.

அக்காலத்தில் அவர் பெரும்பாலும் மெழுகு தோய்த்த காகிதத்தை நெகட்டிவாகப் பயன்படுத்தினார். ஒரு படம் பதிய நிமிஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கோட்டையும் கோபுரமும் அசையா. அவை தெளிவாக விழுந்தன. காற்றில் ஆடிய இலைகள் கலங்கின; அவற்றையும் வானத்து மேகங்களையும் தூரிகையால் திருத்தினார். மதுரையின் யானைமலை அப்படியே பதிந்தது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியிலுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்திற்கு ஒன்றாக ஒட்டினார். ஆனால், தெருவில் நடந்து சென்றவர்கள் பெரும்பாலும் படத்தில் இல்லை. நடப்பவரைப் பிடிக்க அக்காகிதத்தால் இயலவில்லை.

சென்ற பொங்கல் விடுமுறையில், ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் நாங்கள் சிலர் குழந்தைகளுடன் ஓசூர் வழியாக ராயக்கோட்டைக்குச் சென்றோம். அன்று சேலம் ஜில்லாவிலிருந்த அவ்வூர் 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. மலைமேல் இருக்கும் கோட்டை 1791-இல் மைசூர்ப் போரின்போது திப்புவின் படையிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றியது. அடிவாரத்தில் கொய்யாப்பழம் விற்ற மூதாட்டி ஒருவர், “எந்த ஊர் அப்பா?” என்று வினவினார். “பெங்களூர், பாட்டி” என்றோம். “சரி, அதற்கு முன்னே?” என்றார். எங்களில் ஒருவர் திருப்பத்தூர் என்றார். மற்றொருவர் தருமபுரி என்றார். தம் ஊர்ப்பெயரை எங்கள் குழந்தைகள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டனர்.

பெரிய கோயில் கல்வெட்டுகளில் அங்கே ஊழியம் செய்தவர்களின் பெயர்களும் உண்டு. ஆயிரம் ஆண்டு கடந்தும் அவர்களை நாம் பெயரிட்டு அழைக்கலாம். மூட்டை சுமந்து பெங்களூருக்கு நடந்து வந்த நம் கொள்ளுப்பாட்டனாருக்கோ படமும் இல்லை, கல்லும் இல்லை.

இன்று கைத்தொலைபேசியில் நொடிப்பொழுதில் படம் எடுக்கிறோம். முகம் விடுபடுவதில்லை, பெயர்தான் விடுபடுகிறது. ஆதலின் அன்பர்கள் தம் இல்லத்து முதியோரை அமர்த்தி ஒரு படம் எடுத்து, காகிதத்தில் அச்சிட்டு, பின்புறத்தில் அவர் பெயர், தகப்பனார் பெயர், பூர்வீக ஊர் மூன்றையும் மையால் எழுதி வைப்பார்களாக. அவ்வூர்களில் சில, ரயிலில் போய் ஒரே நாளில் திரும்பக்கூடிய தூரத்திலேயே உள்ளன. குழந்தைகளை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள்.