ஈரமலையில் ஓர் இசைப்பெட்டகம்

கணினிக் கோப்புகளாக உள்ள வீட்டுப் பாட்டுகளையெல்லாம் ஓரிடத்தில் தொகுத்து, கேட்பவர் கைப்பேசியில் தொட்டதும் வீட்டு வைஃபை வழியே அனுப்பித் தரும் மென்பொருளை மீடியா சர்வர் என்பர். ஜெல்லிஃபின், நாவிட்ரோம் போன்றவை விலையின்றியே கிடைக்கின்றன. அதை எந்த இயந்திரத்தில் ஓடவிடுவது என்பதற்குச் சமவெளியில் கிடைக்கும் விடை, உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கும் சாலையில் தென்மேற்குப் பருவக்காற்றை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் நடுவட்டத்திற்குப் பொருந்துவதில்லை.

மின்கணக்கு எளியது. அறுபது வாட் இழுக்கும் பழைய மேசைக் கணினி இரவுபகலாக ஓடினால் இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 88 யூனிட் செலவாகும். அதாவது வீடுகளுக்குத் தமிழ்நாட்டில் இலவசமாகக் கிடைக்கும் மின்சாரத்தில் கணிசமான பகுதியைப் பாட்டே தின்றுவிடும். உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினிக்கு ஐந்து வாட்டும் ஏழு யூனிட்டும் போதும். ஆயினும் மலைவீடுகளில் பீரோவுக்குள் குண்டு பல்பு ஒன்றை எரியவிடும் வழக்கம் உண்டு என்பதையும், அதன் சூடே துணியையும் கேமராவையும் பூஞ்சணத்திலிருந்து காக்கிறது என்பதையும் நினைவில் கொண்டால், கணக்கு சற்றே புரளும். கணினி வீணடிப்பதாகக் குற்றஞ்சாட்டப்படும் மின்சாரம் முடிவில் வெப்பமாகத்தானே வெளியேறுகிறது? ஆடி மாதத்து நடுவட்டத்தில், காற்றோட்டமுள்ள அலமாரியொன்றில் அப்பழங்கணினி பாட்டும் வழங்கும், பக்கத்துத் தட்டிலுள்ள ஒலிநாடாக்களையும் உலர்த்தும். சிக்கனம் பேசுவோருக்கு இது உவப்பாக இராது.

நீலகிரியின் பாட்டு எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி நூறாண்டுக்கும் மேற்பட்டது. 1901–02இல் இம்மலையின் பழங்குடியினரான தோடர்களிடையே ஆய்வு நடத்தி, 1906இல் ‘தி தோடாஸ்’ என்ற பெருநூலை வெளியிட்ட ஆங்கில அறிஞர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், ஃபோனோகிராஃப் கருவியையும் உடன் கொண்டுவந்து அவர்களுடைய பாட்டுகளைப் பதிவு செய்தார். பாடுபவர் கூம்புக் குழலை நோக்கிப் பாட, குரலின் அதிர்வு ஒரு முனையை அசைத்துச் சுழலும் மெழுகு உருளையில் நுண்ணிய பள்ளத்தைக் கீறும்; அப்பள்ளத்தின் வழியே மீண்டும் முனையை ஓட்டினால் குரல் திரும்பி வரும். ஓர் உருளையில் அடங்குவது இரண்டு மூன்று நிமிடப் பாட்டுதான், அதுவும் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் சிறிது தேயும். ஆசையோடு கேட்பவரே அதற்கு முதல் பகைவர், அவருக்கு அடுத்தது பூஞ்சணம். அவ்வுருளைகள் இன்று லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. மலையிலேயே விடப்பட்டிருந்தால் சில மழைக்காலங்களுக்காவது தாங்கியிருக்குமா என்பது ஐயமே. எனவே அவை பிழைத்தது நல்லூழ்தான், ஆனால் அவற்றைப் பாடியவர்களின் மந்துகளிலிருந்து, அதாவது தோடர் குடியிருப்புகளிலிருந்து, எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பிழைத்தன என்பதும் அந்நல்லூழின் ஒரு பகுதி.

கோப்பு கேட்பதால் தேய்வதில்லை, படியெடுத்தாலும் குறைவதில்லை. ஆகவே பாட்டு ஓடும் இடமும் பாட்டைக் காக்கும் இடமும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்ற பழைய நெருக்கடி இப்போது இல்லை. 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில், கோயில் திருவிழாவும் கல்யாண வீடும் பதிவான கேசட்டுகள் இருக்குமானால், அவற்றை எந்த இசைச் செயலியும் மாதக் கட்டணத்துக்குத் தரப்போவதில்லை. அத்தகையவற்றைத் தரம் குன்றாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் சேமித்து, ஒரு பிரதியைக் கோவையிலோ ஈரோட்டிலோ உள்ள உறவினர் வீட்டு உலர்ந்த அலமாரிக்கு அனுப்பிவிட்டு, மறுபிரதியை வீட்டிலேயே ஓடவிடுவதே முறை. தொலைவிலுள்ள வாடகைச் சர்வரில் ஏற்றினால், மரம் விழுந்து இணையம் அறுந்த நாளில் பாட்டும் அறுந்துபோகும். வீட்டுச் சர்வருக்கோ மின்சாரமும் ரவுட்டரும் இருந்தால் போதும். கணினி தன் நினைவட்டையில் எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனால் அது பழுதாகக்கூடும் என்பதால் சிறு யூபிஎஸ் ஒன்றும் தேவை.

எந்த மென்பொருள் சிறந்தது என்ற விவாதத்தை மழைக்காலம் முழுவதும் நீட்டலாம், ஏனெனில் அதை எந்த நாளிலும் மாற்றிக்கொள்ள முடியும். சர்வரை வைக்கும் அலமாரி எந்தச் சுவரை ஒட்டி நிற்பது என்பதையோ வைகாசி முடிவதற்குள் தீர்மானித்தாக வேண்டும். அது பருவக்காற்று மோதும் மேற்குச் சுவராக மட்டும் இருக்கலாகாது.