மலையக முதியோர் பராமரிப்பும் பராமரிப்போரின் நலனும்

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் முதியோர் பராமரிப்பு லயக் காம்பரா எனப்படும் வரிசை வீட்டு அறைக்குள் நடக்கிறது. மகளோ மருமகளோ அடுத்த காம்பராப் பெண்ணோ அதைச் செய்கிறார். அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, செக்ரோல் எனப்படும் தோட்டப் பதிவேட்டில் பேரும் விழாது. இதே வேலையைக் கொழும்பு வீடுகளிலும் முதியோர் இல்லங்களிலும், சவூதி அரேபியா, குவைத், லெபனான், சைப்பிரஸ், இஸ்ரேல் ஆகிய நாடுகளிலும் இலங்கைப் பெண்கள் கூலிக்குச் செய்கிறார்கள். ஒரே வேலை ஓரிடத்தில் கடமையாகவும் இன்னோர் இடத்தில் தொழிலாகவும் கருதப்படுவதால், அதைச் செய்பவரின் பாதுகாப்பும் நலனும் இரண்டு இடத்திலும் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன.

இந்நிலைக்குத் தோட்டங்களின் வரலாற்றில் காரணம் உண்டு. 1820களிலிருந்து தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். முதுமையும் ஊரோடு போயிற்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால் குடும்பங்கள் லயங்களிலேயே தங்கிவிட்டன. தோட்ட நிருவாகம் செய்த ஏற்பாடுகள் எல்லாம் உழைப்பவரைச் சுற்றியே அமைந்தன. வேலை செய்பவருக்குக் காம்பரா கிடைத்தது. தாய் கொழுந்தெடுக்க மலைக்குப் போகப் பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவும், பிரசவம் பார்க்க மருத்துவிச்சியும், காய்ச்சலுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியும் இருந்தன. தோட்டங்களின் மருத்துவத் தேவைகளுக்கு 1912இல் தனிச் சட்டமும் வந்தது. வேலையிலிருந்து நின்றவருக்கு இந்த அமைப்பில் இடம் ஒதுக்கப்படவில்லை. அவர் பிள்ளையின் பேரில் உள்ள காம்பராவில் தங்கினார்.

அந்தப் பிள்ளைகளையும் அரசியல் பிரித்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரு மகன் நீலகிரிக்குப் போக, ஒரு மகள் தோட்டத்தில் நிற்க, யாரோடு இருப்பது என்று பெற்றோர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெருமளவில் தீர்ந்தது. இன்று எழுபதைக் கடந்திருப்பவர்கள் உழைத்த காலத்தில் பாதிக்கு மேல் இந்தக் குழப்பத்தில் கழிந்தது. பல பிள்ளைகள் சேர்ந்து ஒரு முதியவரைத் தாங்கும் வாய்ப்பு பல குடும்பங்களில் அப்போதே குறைந்துவிட்டது.

முதியவரின் வருமானம் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளி 8 வீதமும் தோட்டம் 12 வீதமும் செலுத்த வேண்டும். இரண்டாவது 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி வரும் பணிக்கொடை. நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு சேவையாண்டுக்கும் 14 நாள் சம்பளம் உண்டு. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்கிட்டால் 30 ஆண்டு உழைத்தவருக்கு 5,67,000 ரூபா சேரும். இவ்விரண்டும் ஒரே முறை கைக்கு வரும் பணம். வீட்டுத் திருத்தத்துக்கோ, பிள்ளையின் கலியாணத்துக்கோ, பழைய கடனுக்கோ போய்விடுவது வழக்கம். மாதாமாதம் வருவது மூன்றாவது வழியான முதியோர் கொடுப்பனவு மட்டுமே. 70 வயதைக் கடந்த வறியவர்களுக்கு உரிய இந்தத் தொகை நெடுங்காலம் 2,000 ரூபாவாக இருந்தது. 2025 வரவு செலவுத் திட்டம் அதை 5,000 ரூபாவாக உயர்த்தியது. கூலி கொடுத்துப் பராமரிப்பாளரை வைத்துக்கொள்ள இதில் வழியில்லை.

உடலின் தேவையோ பெரிது. பத்துப் பன்னிரண்டு வயதில் வேலைக்குப் பேர் பதிந்த தலைமுறை இது. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் சரிவில் நின்றே நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர்களுக்குக் கழுத்தும் இடுப்பும் முழங்காலும் முதலில் போகின்றன. குளிரும் ஈரமும் விறகடுப்புப் புகையும் சேர்ந்து இளைப்பைக் கூட்டுகின்றன. மலசலகூடம் லயத்துக்கு வெளியே, படி இறங்கிப் போகும் இடத்தில் இருந்தால் ஒவ்வொரு இரவும் விழுந்துவிடும் அபாயம் உண்டு. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். ஆனால் பல லயங்களுக்குக் கார்ப்பட் பாதை இல்லை. நோயாளியைக் கதிரையிலோ கம்பளியிலோ வைத்து நான்கு பேர் பாதைவரை தூக்கிப் போக வேண்டும். இந்தியாவின் உதவியோடு கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலை போன்ற இடங்கள் சிகிச்சை தருகின்றன. சிகிச்சைக்குப் பின் வரும் மாதங்களையும் வருடங்களையும் காம்பராவில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும்.

படுத்த படுக்கையாகிவிட்டவரை 2 மணிநேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது தாதியர் பயிற்சியின் அடிப்படைப் பாடம். தவறினால் முதுகிலும் இடுப்பிலும் புண் வரும். இல்லங்களில் இதைப் பல ஷிப்ட்டுகளில் பலர் செய்கிறார்கள். லயத்தில் ஒருத்தி செய்கிறாள். விடிந்ததும் பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்புக்கும் போகிறாள். வேலைக்குப் போகாவிட்டால் நாட்சம்பளம் போகும், அந்த மாதச் சேமலாபக் கணக்கும் குறையும். ஆகவே தாயைப் பார்ப்பதற்காக நின்றுவிடும் மகள் தன்னுடைய முதுமைக்கான சேமிப்பையும் சேர்த்தே இழக்கிறாள். 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைக் கைவிடலாகாது என்று பிள்ளைகளுக்குக் கடமை விதிக்கிறது. அந்தக் கடமையைச் செய்வோருக்கு லீவோ கொடுப்பனவோ தோட்டத்தில் இல்லை.

வருமானம் தேடி வெளியே போவோர் வேறு சிக்கல்களைச் சந்திக்கிறார்கள். வீட்டுப் பணியாளர் இலங்கையின் சம்பளச் சபைகளின் வரம்புக்குள் வராமலே இருந்துவந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய பழைய சட்டம் 1871ஆம் ஆண்டுக்குரியது. 2021 ஜூலையில், கொழும்பு வீடொன்றில் வேலைக்கு இருந்த, மலையகத்தின் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களுடன் உயிரிழந்தது மலையகம் முழுவதையும் வீதிக்கு இறக்கியது. மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் வேலைக்கு மேற்பார்வை இல்லை என்ற குறையை அந்த மரணம் எல்லோர் முன்னும் வைத்தது. 2011இல் சர்வதேசத் தொழில் அமைப்பு வீட்டுப் பணியாளருக்கென 189ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. வாராந்த ஓய்வு, எழுத்து மூல ஒப்பந்தம், பாதுகாப்பான வேலையிடம் ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது.

வெளிநாட்டுப் பயணத்தை 1985இல் உருவான இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் பதிவு செய்கிறது. பராமரிப்பாளருக்குத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறும் வழியும் இருக்கிறது. 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை விதி, 5 வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு செல்வதைத் தடுத்தது. 2022இல் இது தளர்த்தப்பட்டது. விதியின் கவனம் பிள்ளைகள் மீதே இருந்தது. பிள்ளையைப் பொறுப்பேற்பவர் பெரும்பாலும் பாட்டி. சில வருடங்களில் பராமரிப்பு வேண்டியவராகப் போகிறவரும் அவரே.

இஸ்ரேலில் முதியவரோடு தங்கிப் பார்க்கும் வேலை இலங்கையரிடையே விரும்பப்படுகிறது, ஏனெனில் அந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் அவர்களுக்கும் பொருந்தும். மேலதிக நேரக் கொடுப்பனவு மட்டும் இல்லை. வேலை நேரச் சட்டம் உடன் தங்கிப் பார்ப்போருக்குப் பொருந்தாது என்ற நிலையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013இல் உறுதிசெய்தது. எப்போது வேலை, எப்போது ஓய்வு என்று பிரிக்க முடியாது என்பது வாதம். ஆபத்து நேரத்திலும் முதியவரை விட்டுவிட்டு ஓட முடியாது. 2023 ஒக்டோபர் 7 தாக்குதலில் கொல்லப்பட்டவர்களில் இலங்கைப் பெண் பராமரிப்பாளர் ஒருவரும் அடங்குவார்.

முதியோர் இல்லங்களில் வேலை செய்வோரின் ஆபத்துகள் இவ்வளவு பேசப்படுவதில்லை. ஆளைத் தூக்குவதால் வரும் இடுப்பு வலி முதலாவது. இருவர் சேர்ந்து தூக்குவது, உயரம் மாற்றக்கூடிய கட்டில், ஆளை நகர்த்த உதவும் வழுக்கு விரிப்பு, தூக்கும் கருவி ஆகியவை அதைக் குறைக்கும். காசநோய், சொறி, ஊசி குத்துவதால் பரவும் கல்லீரல் அழற்சி ஆகியவை இரண்டாவது. கையுறையும் தடுப்பூசியும் இல்லத்தின் பொறுப்பு. நினைவு தடுமாறிய முதியவர் அடிப்பதும் திட்டுவதும் மூன்றாவது. இதை வேலையின் ஓர் அங்கமென்று பொறுத்துப் போகச் சொல்லாமல், பதிவு செய்து காரணம் தேடும் வழக்கம் நல்ல இல்லங்களில் உண்டு. நான்காவது மனச்சுமை. இரண்டு மூன்று வருடம் ஊட்டிக் குளிப்பாட்டியவர் இறந்த அன்றே அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் வரும்போது துக்கப்பட நேரமிருப்பதில்லை. இலங்கையின் 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வேலையில் நேரும் காயத்துக்கு ஈடு தருகிறது. ஆனால் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெயருக்கேற்பத் தொழிற்சாலைகளுக்கே உரியது.

பராமரிப்போருக்கான பாராட்டு என்றால் என்ன என்பதைக் கொரோனா காலம் உலகுக்குக் காட்டியது. பிரித்தானியாவில் 2020 மார்ச் 26 தொடங்கிப் பத்து வாரம், வியாழன்தோறும் இரவு 8 மணிக்கு மக்கள் வாசலில் நின்று கை தட்டினார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் வேறு வழியிலும் போனது. முதல் அலையில் கனடாவில் இறந்தவர்களில் ஐந்தில் நால்வர் அளவில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்தவர்கள். ஒன்ராறியோ 2020இல் பராமரிப்புப் பணியாளரின் சம்பளத்தைத் தற்காலிகமாக மணிக்கு 4 டொலர் கூட்டியது. பின்னர் நீண்டகாலப் பராமரிப்பில் உள்ள உதவியாளருக்கு மணிக்கு 3 டொலர் உயர்வை 2022இல் நிரந்தரமாக்கியது. ஒவ்வொரு முதியவருக்கும் நாளுக்கு 4 மணிநேர நேரடிப் பராமரிப்பு என்ற இலக்கையும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியது. ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழர் பலரும் ரொறன்ரோவில் இந்த வேலையில் இருக்கிறார்கள். மணிநேர இலக்கு அவர்களுக்கு முக்கியம், ஏனெனில் ஒரு முதியவருக்கு எத்தனை மணி என்று எழுதினால் ஓர் இல்லத்துக்கு எத்தனை ஆட்கள் என்பதும் தானாக எழுதப்படுகிறது.

இலங்கையில் ஒக்டோபர் 1 சிறுவர் தினமாகவும் முதியோர் தினமாகவும் கொண்டாடப்படுகிறது. தோட்டங்களிலும் அன்று முதியோருக்கு மாலை போட்டுச் சால்வை போர்த்துகிறார்கள். பராமரிப்போருக்கு இப்படி ஒரு நாள் வைப்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பாராட்டு சம்பளப் பட்டியலிலும் ஷிப்ட் அட்டவணையிலும் தெரியாவிட்டால் அடுத்த நாளே மறந்துபோகும். ஒரு நல்ல இல்லத்தில் பாராட்டு என்பது ஆறு விடயங்களில் அளக்கப்படும்: நேரத்துக்கு வரும் சம்பளம், சேமலாப நிதி, வாராந்த ஓய்வு, இரவு வேலைக்குத் துணை ஆள், முறைப்படி பயிற்சி, குறை சொன்னால் வேலை போகாது என்ற உறுதி. இவற்றில் கடைசியானது தொழிற்சங்கம் இருந்தால் எளிதாகும். தோட்டத் தொழிலாளரின் செங்கொடிச் சங்கத்தின் தலைமைக்கு மேனகா கந்தசாமி வந்த காலத்தில் வீட்டுப் பணியாளரும் சங்கமாகத் திரண்டார்கள்.

பராமரிப்பைச் சம்பளத் தொழிலாக்குவதற்குத் தோட்டத்துக்குள் முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளை பார்ப்பது ஒரு காலத்தில் வயதான ஆயாவின் பொறுப்பு, பயிற்சி கேட்கப்படவில்லை. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குப் போனபோது உருவாகி, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப்படும் அமைப்பின் மேற்பார்வையில், பிள்ளைக்காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாயின. அங்கே பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார். தாய்மார் மலைக்குப் போகலாம் என்பதால் தோட்டம் இந்தச் செலவை ஏற்றது. முதியவரைப் பகலில் பார்க்கும் நிலையமும் அதே காரணத்தால் நியாயமாகும், ஏனெனில் வீட்டில் நின்றுவிடும் மகளும் கொழுந்து பறிக்கும் கைதான். நிலையத்தில் தோட்டத்துப் பெண்களையே பயிற்றிச் சேமலாப நிதியோடு அமர்த்தினால், கொழும்புக்கும் குவைத்துக்கும் போகாமலே ஒரு தொழில் கிடைக்கும். போக விரும்புபவருக்கு அதே பயிற்சிச் சான்றிதழாகும். படுத்த படுக்கையானவருக்கு வாரத்தில் சில நாள் வீடு தேடி வரும் ஒருவரும், பராமரிக்கும் மகளுக்கு மாதத்தில் சில நாள் சம்பளத்துடன் லீவும் சேர்ந்தால் ஏற்பாடு முழுமையாகும். தோட்டக் கம்பனி, பிரதேச செயலகம், சுகாதாரத் திணைக்களம் ஆகிய மூன்றில் எது எந்தச் செலவை ஏற்பது என்பதே தீர்க்க வேண்டிய கேள்வி.