கைலி நெய்யும் குறிஞ்சிப்பாடி

கைலி இல்லாத இல்லம் ஒன்றை நம்மவரிடையே காட்ட முடியுமா? பள்ளிவாசலுக்குச் செல்லும் பெரியவரும், கடையில் அமர்ந்திருக்கும் வியாபாரியும், இரவில் உறங்கப் போகும் இளைஞரும் விரும்பி உடுத்துவது கைலியையே. தென் மாவட்டங்களிலும் இலங்கையிலும் இதனைச் சாரம் என்பர். பெயர் எதுவாயினும், அது எந்த ஊரில், யார் கையால் நெய்யப்படுகிறது என எண்ணிப் பார்ப்போர் நம்மில் மிகச் சிலரே. அதனை அறிய விரும்பும் உங்களைக் கடலூர் மாவட்டத்தின் குறிஞ்சிப்பாடிக்கு அழைத்துச் செல்ல விழைகிறேன்.

ஊரும் சுற்றுப்புறமும்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குறிஞ்சிப்பாடி. இரயிலில் வருவோர் கடலூர் துறைமுகச் சந்திப்பில் விருத்தாசலம் வண்டியில் ஏறினால் இவ்வூர் நிலையத்திலேயே இறங்கலாம். அடுத்து வருவது வடலூர். 1867-ஆம் ஆண்டில் இராமலிங்க அடிகளார் பசித்தோர்க்குச் சோறிடத் தருமச்சாலை தொடங்கிய ஊர் அது. அதற்கும் அப்பால் நெய்வேலி. 1956-இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் அங்கே உள்ளன. வடக்கே பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும். கிழக்கே பெருமாள் ஏரியும் அதன் பாசன வயல்களும். அதனையும் கடந்தால் கடல்.

இத்தனை வளங்களுக்கு நடுவே இருந்தும், குறிஞ்சிப்பாடி பெயர் பெற்றது மண்ணில் விளையும் பொருளால் அன்று. தறியில் விளையும் பொருளால்தான்.

ஒரு கைலியில் எத்தனை கைகள்?

நெசவாளர் தெருவில் நடந்தால், தறியின் 'டக் டக்' ஓசை உங்களை வரவேற்கும். தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை இறக்கி அமர்ந்து, மிதியை மாற்றி மாற்றி மிதித்து, நாடாவை இப்புறமும் அப்புறமும் ஓடவிட்டு நெய்கிறார் நெசவாளர். ஆனால் கைலி அவர் ஒருவரின் உழைப்பு அன்று. சிட்டமாக வரும் நூலுக்குச் சாயம் ஏற்ற வேண்டும். நிறம் மாறாத வரிசையில் பாவு ஓட வேண்டும். கஞ்சி போட்டு உலர்த்தி, இழை இழையாக அச்சில் பிணைக்க வேண்டும். ஊடைக்கான நூலைத் தாரில் சுற்றித் தருபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் முதியோருமே. பாவில் உள்ள நிற வரிசையும் ஊடையில் வரும் நிற வரிசையும் பிசகாமல் சந்தித்தால்தான் கட்டம் கட்டமாக அமையும். ஓர் இழை தவறினாலும் கட்டம் கோணிவிடும்.

இவ்வளவு நுணுக்கமான தொழிலின் பொருளாதாரம் எவ்வாறு உள்ளது? நூல் எங்கோ ஆலையில் நூற்கப்படுகிறது; அதன் விலையை நெசவாளர் நிர்ணயிப்பதில்லை. நெய்த துணியின் விலையையும் அவர் நிர்ணயிப்பதில்லை. கூட்டுறவுச் சங்கத்திடமோ தனியார் உற்பத்தியாளரிடமோ நூலைப் பெற்று, துணியைத் திருப்பித் தந்து, கூலி வாங்குவதே பெரும்பாலோரின் நிலை. நூல் விலை ஏறினால் முதலில் குறைவது அவருக்குக் கிடைக்கும் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் நீர் ஊறினாலும், பாவு உலராமல் போனாலும் அன்றைய கூலி இல்லை. 2011 டிசம்பரில் வீசிய தானே புயலையும், 2015 நவம்பர் வெள்ளத்தையும் கண்ட மாவட்டம் இது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கடல் கடந்த துணி

துணி வாணிபம் இந்தக் கடற்கரைக்குப் புதிதன்று. குறிஞ்சிப்பாடிக்குத் தென்கிழக்கே, மஹ்மூது பந்தர் எனப்பட்ட பரங்கிப்பேட்டை, நம் முன்னோர் கப்பல் வாணிபம் செய்த துறைமுகம். போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இக்கடற்கரையை நாடி வந்ததற்கு முதன்மைக் காரணம் துணியே. ஆங்கிலேயர் 1690-இல் கடலூரில் கோட்டையை விலைக்கு வாங்கியதும் அதன் பொருட்டே. மலாய் மக்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்கின்றனர். பழவேற்காட்டுத் துணி என்பதே அதன் பொருள். ஒரு தமிழ் ஊரின் பெயர் கடல் கடந்து துணியின் பெயராகவே நிலைத்துவிட்டது! பர்மாவிலும் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் வணிகர் பலர். 1960-களில் பர்மாவில் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டு, அங்கிருந்த நம்மவர் வெறுங்கையுடன் திரும்ப நேர்ந்தது. அத்தோடு ஒரு பெருஞ்சந்தையும் கைநழுவியது.

சட்டம் உண்டு, காவல் உண்டா?

கைத்தறியைக் காக்க 1985-இல் மத்திய அரசு தனிச்சட்டம் இயற்றியது. தொடக்கத்தில் 22 வகைத் துணிகள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டன. பின்னர் 1996-இல் அவை 11 ஆகக் குறைக்கப்பட்டன. அப்பதினொன்றிலும் லுங்கி இடம்பெற்றது. உச்ச நீதிமன்றமும் 1993-இல் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. எனினும் கைத்தறி நாள் முழுவதும் நெய்வதை விசைத்தறி சில மணி நேரத்தில் முடித்துவிடும். அத்துணி கைத்தறி என்ற பெயரிலேயே கடைக்கு வரும்போது, விலையில் போட்டியிட நெசவாளரால் இயலுமா?

விளைவைக் கணக்கெடுப்புகள் சொல்லும். நாடு முழுவதும் கைத்தறியையும் அதன் துணைத் தொழில்களையும் நம்பியிருந்தோர் 2009-10 கணக்கெடுப்பில் 43.31 இலட்சம் பேர்; 2019-20 கணக்கெடுப்பில் 35.22 இலட்சம் பேர். பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் குறைந்துவிட்டனர். மின்கட்டணச் சலுகை போன்ற உதவிகளைத் தமிழக அரசு வழங்கி வருகிறது. ஆயினும் கூலி போதாத இடத்தில் பிள்ளைகள் தறிக்குழியில் இறங்க மறுப்பதைக் குற்றம் சொல்ல முடியாது.

சீனத்து மாகாணம் ஒன்றின் பாடம்

நம் வணிகர் பலர் இன்று சரக்கெடுக்கச் சீனாவுக்குச் செல்கின்றனர். அவர்கள் அறிந்த ஊர்களுள் ஒன்று செஜியாங் மாகாணத்து யிவூ. 1982-இல் அரசு அனுமதியுடன் அங்கே தொடங்கிய சிறுபொருள் சந்தை, இன்று உலக வணிகர் கூடும் இடமாக வளர்ந்துள்ளது. அதே மாகாணத்தில் தாத்தாங் என்னும் சிற்றூர் காலுறைக்கென்றே பெயர் பெற்றது. கெச்சியாவ் துணிச் சந்தைக்குப் பெயர் பெற்றது. ஓர் ஊர், ஒரு பொருள் என்ற இந்நிலை குறிஞ்சிப்பாடிக்கும் உரியதுதானே?

வேறுபாடு எங்கே? அங்கே பொருள் செய்யும் இடத்தின் அருகிலேயே மூலப்பொருளும், சந்தையும், சரக்கு வண்டியும், விலைச் செய்தியும் கூடி நிற்கின்றன. வாங்க வருபவர் அந்த ஊரையே தேடி வருகிறார். இங்கோ, நெய்பவர் ஓரிடம், விற்பவர் வேறிடம். குறிஞ்சிப்பாடியில் நெய்த கைலி வேறொரு வணிகப் பெயர் ஒட்டப்பட்டு உங்கள் கைக்கு வரும்போது, ஊரின் பெயர் மறைந்துவிடுகிறது. சீனரைப் போல இயந்திரத்தால் மலிவாகச் செய்வது நமக்கு வழியன்று. அப்போட்டியில் கைத்தறி ஒருநாளும் வெல்லாது. ஆனால் வாங்குபவரை ஊருக்கு அழைத்து வரும் அவர்களது முறையை நாமும் கைக்கொள்ளலாம். ஊரின் பெயரைப் பொருளின்மேல் பொறிப்பதே அதற்கு முதற்படி.

நம் பங்கு

இதில் நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். கைலியை மிகுதியாக வாங்குவோருள் நாமும் உள்ளோம். விற்போருள்ளும் நம்மவர் உள்ளனர். பெருநாளைக்குத் துணி எடுக்கும் தாய்மார்களே! கடையில் 'இது கைத்தறியா? எந்த ஊர் நெசவு?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 2006 முதல் வழங்கப்படும் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையங்களையும், 1935-இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் கடைகளையும் நாடுங்கள். சில ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது தருமம் அன்று. உழைப்பின் உரிய விலை. பருத்தி நூலில் கையால் நெய்த கைலி, துவைக்கத் துவைக்க மென்மை பெற்று, கொடுத்த விலைக்கு நெடுநாள் உழைக்கும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் கடை நடத்தும் சகோதரர்களே! நீங்கள் வாங்கும் கைலியில் உங்கள் கடைப் பெயருடன் நெய்த ஊரின் பெயரையும் பொறிக்கச் சொல்லுங்கள். விடுமுறையில் ஊர் திரும்பும்போது ஒரு நாள் குறிஞ்சிப்பாடிக்குச் சென்று, நெசவாளரிடமும் சங்கத்திடமும் நேரில் பேசுங்கள். பழவேற்காட்டின் பெயரை மலாய் மொழியில் பதிய வைத்தது எந்த அரசாணையும் அன்று. அத்துணியைக் கொண்டுசென்ற வணிகரும், பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிய மக்களுமே. குறிஞ்சிப்பாடியின் பெயருக்கும் அத்தகைய நிலையைத் தேடித் தர நம்மால் இயலும். தறிக்குழியில் இறங்க அடுத்த தலைமுறை அங்கே இருக்கும்போதே அதனைச் செய்துவிட வேண்டும்.