அடுப்படிச் சுவரில் டீ கப்புகள்

முதல்லயே சொல்லிடறேன், இது சமையல் குறிப்பு இல்ல. அடுப்படியில நடந்த ஒரு கதை, அவ்வளவுதான்.

எங்க வீடு திருச்சி உறையூர்ல, தாத்தா 1998ல கட்டினது. அதுக்கப்புறம் அடுப்படியில பெரிசா எதுவும் மாறல. மேடைக்கு கிரானைட் போடணும், அலமாரிக்குக் கதவு போடணும், பெயிண்ட் அடிக்கணும்னு அம்மா நாலு வருஷமா சொல்லிட்டு இருந்தாங்க. இந்த வருஷம்தான் அப்பா சரின்னார். பெயிண்டர் அண்ணன் வந்து பார்த்தார். சுவரைத் தட்டினார். "மொதல்ல இந்த ஸ்டிக்கரை எல்லாம் உரிக்கணும், அதுக்கு ஒரு ஆள் ரெண்டு நாள் கூலி ஆகும்" என்றார். எனக்கு ஸ்டடி ஹாலிடேஸ். மூணு வருஷம் பி.காம் படிச்ச மூளை உடனே கணக்குப் போட்டுச்சு. ரெண்டு நாள் கூலி மிச்சம், நானே உரிக்கிறேன்னு வாயைக் கொடுத்துட்டேன். காஸ்ட் அக்கவுண்டன்சி புத்தகத்தைத் திறக்காம இருக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா? :-)

அந்த ஸ்டிக்கரைப் பத்திச் சொல்லணும். வால்பேப்பர்னு பேரு, ஆனா பேப்பர் இல்ல. பின்னாடி பசையோட வர்ற பிளாஸ்டிக் ஷீட். 2021 பொங்கலுக்கு அப்பா ஆன்லைன்ல வாங்கி, தானே ஒட்டினார். டிசைன் டீ கப், டீ கெட்டில், நடுநடுவுல ரெண்டு பிஸ்கட். முதல் ஷீட் நல்லா வந்துச்சு. ரெண்டாவது ஷீட்டை அரை அங்குலம் கீழே இறக்கிட்டார். அதனால சேருற இடத்துல ஒரு பாதி கப்புக்கு கெட்டிலோட மூக்கு முளைச்சிருக்கும். என் தோழிகள் வந்தா நான் அந்த மூலைக்கு முதுகைக் காட்டிட்டு நிப்பேன். தம்பி அதுக்கு யானைக் கப்புன்னு பேரே வெச்சிருந்தான்.

உரிக்கிறது நான் நினைச்ச மாதிரி சுலபமா இல்ல. ஓரத்தைப் பிடிச்சு நேரா இழுத்தேன். ஷீட் வந்துச்சு, கூடவே பழைய டிஸ்டெம்பரும் அப்பளம் அப்பளமா வந்துச்சு. அப்புறம்தான் வழி தெரிஞ்சுது. ஹேர் டிரையரை வெச்சு ஷீட்டைச் சூடு பண்ணினா பசை இளகுது. அப்புறம் மூலையை நகத்தால கிளப்பி, உரிச்ச பகுதியைச் சுவரோட ஒட்டின மாதிரியே மடக்கி, மெதுவா இழுக்கணும். அவசரப்பட்டா கிழியும். பாத்ரூமை ஒட்டின சுவர்லதான் பெரிய ஷாக். உள்ளே ஓதம் ஏறி, கறுப்பா பூஞ்சை, சிமெண்ட் பூச்சு தொட்டாலே மாவா கொட்டுது. ரெண்டு கரப்பான் பூச்சி குடும்பமும் இருந்துச்சு, வர்ணிக்க விரும்பல. பாத்ரூம் குழாய் உள்ளுக்குள்ளே கசிஞ்சிருக்கு. சாதாரணச் சுவரா இருந்தா ஈரம் வெளியே வந்து காய்ஞ்சிருக்கும், கறையாவது கண்ணுல பட்டிருக்கும். பிளாஸ்டிக் போட்டு மூடினதால தண்ணிக்கு வெளியே வர வழி இல்ல. செங்கல்ல இருக்கிற உப்பு தண்ணியில கரைஞ்சு, மேலே வந்து படிஞ்சு, பூச்சைப் பொரிய வெச்சிடுச்சு.

கீழ்ப்பாதியில வேற கதை. எங்க அடுப்படியில இடுப்பு உயரத்துக்கு மேல வரைக்கும் பச்சை எனாமல் அடிச்சிருக்கும். அந்தக் காலத்து வீடுகள்ல பார்த்திருப்பீங்க, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வசதியா. அதுல இருந்து ஷீட் சுத்தமா உரிஞ்சு வந்துடுச்சு, ஆனா பசை மட்டும் அப்படியே நின்னுடுச்சு. அதுக்குத் தேங்காய் எண்ணெய். பஞ்சுல தொட்டுத் தடவி, கால் மணி நேரம் ஊற விட்டுத் துடைச்சா பசை உருண்டு வந்துடும். அப்புறம் சோப்புத் தண்ணி போட்டு எண்ணெயைக் கழுவணும், இல்லாட்டி மேலே எந்தப் பெயிண்டும் பிடிக்காது.

அந்தக் கால் மணி நேரத்துல போன்ல மேஞ்சப்போ ஒண்ணு படிச்சேன். இங்கிலாந்துல 1712ல வால்பேப்பருக்கு வரி போட்டாங்களாம், ஒரு சதுர கஜத்துக்கு ஒரு பென்னி. வரி அச்சடிச்ச பேப்பருக்குத்தான். உடனே ஜனங்க வெறும் பேப்பரை வாங்கி ஒட்டிட்டு, சுவர்லயே வெச்சு பூ வரைஞ்சுக்கிட்டாங்களாம். அந்த வரி 1836ல தான் போச்சு. வரி ஏய்ப்புக்கும் வரித் திட்டமிடலுக்கும் உள்ள வித்தியாசத்தை எங்க மேம் ஒரு மணி நேரம் நடத்தினாங்க, இந்த ஒரு உதாரணம் சொல்லியிருந்தா போதும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

சிலிண்டர் வைக்கிற மூலைக்கு மேலே இருக்கிற சுவர்ல எண்ணெய் தடவிட்டு, ஊறினதும் துடைச்சேன். பஞ்சு நீலமா வந்துச்சு. என்னடா இதுன்னு குனிஞ்சு பார்த்தா, பசைக்கு அடியில பால்பாயிண்ட் பேனாவுல எழுதின தேதிகள். அம்மா கையெழுத்து. சிலிண்டர் மாத்தின தேதி. உங்க வீட்லயும் எங்கயாவது எழுதி வெச்சிருப்பாங்க. தேங்காய் எண்ணெய் அந்த மையையும் கரைச்சிருக்கு. ஒரு வரி முழுசா போயிடுச்சு. மத்ததை அப்படியே விட்டுட்டு மேலே இருந்து படிச்சேன்.

4-11-19. 5-12-19. 4-1-20. 3-2-20. 5-3-20. 9-4-20. 25-5-20. 18-7-20. அப்புறம் நான் அழிச்ச வரி. கடைசியா 4-11-20.

வரிசையா தேதி இருந்தா இடைவெளியைக் கழிச்சுப் பார்க்கிறது பழக்கதோஷம். 31, 30, 30, 31 நாள். நாலு பேருக்கு 14.2 கிலோ சிலிண்டர் ஒரு மாசம், சரிதான். அடுத்தது 35. அப்புறம் 46. அப்புறம் 54. ஜூலை 18ல இருந்து நவம்பர் 4 வரைக்கும் 109 நாள், அதுல ரெண்டே சிலிண்டர். கூட்டல் தப்பா இருக்கும்னு போன்லயும் போட்டுப் பார்த்தேன். தப்பு இல்ல. 2020 மார்ச் கடைசியில ஊரடங்கு. காலேஜ், ஸ்கூல், கடை எதுவும் கிடையாது. நாலு பேரும் மூணு வேளையும் வீட்லதான். கேஸ் சீக்கிரம் தீர்ந்திருக்கணும். எப்படி ரெண்டு மடங்கு நாள் வந்துச்சு?

அப்பா வெச்சிருந்தது சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகைதான் முக்கிய வருமானம். அந்த வருஷம் கல்யாணமே ஐம்பது பேரோட நடந்துச்சு, வாட்ஸப்ல பத்திரிகை. இதெல்லாம் எனக்குத் தெரியும். கஷ்டம்னு தெரியும். ஆனா எவ்வளவுன்னு தெரியாது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். அந்த மே மாசம் அம்மா மொட்டைமாடியில மூணு செங்கல் வெச்சு விறகடுப்பு மூட்டினாங்க. குளிக்க வெந்நீர், சோறு, சில நாள் குழம்பும் அங்கதான். பழைய ஜன்னல் சட்டம், பக்கத்து வீட்டுத் தென்னமட்டை எல்லாம் விறகு. "விறகடுப்புல வடிச்ச சோறு ருசியே தனி"ன்னு சொன்னாங்க. யூடியூப் பார்த்து அம்மாவுக்கு ஆசை வந்துடுச்சுன்னு நானும் தம்பியும் நினைச்சோம். நான் போட்டோ எடுத்து 'கிராமத்துச் சமையல்'னு ஸ்டேட்டஸ் வேற போட்டேன். காலையில பழைய சோறும் மோர் மிளகாயும். உடம்புக்குக் குளிர்ச்சின்னு சொன்னாங்க. தினமும் இதேதானான்னு ஒரு நாள் தட்டைத் தள்ளி வெச்சுட்டு எழுந்தேன். பதினாறு வயசு. அன்னிக்கு அம்மா எதுவும் சொல்லல, சாயங்காலம் தோசை ஊத்திக் கொடுத்தாங்க.

அம்மாவைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினேன்.

"அட, இன்னும் இருக்கா இது?"ன்னு சிரிச்சாங்க.

"109 நாளைக்கு ரெண்டு சிலிண்டர்மா."

"ஆமா, என்ன இப்ப? எழுதி வெச்சாதானே அடுத்ததை இன்னும் ரெண்டு நாள் இழுக்க முடியுமான்னு தெரியும்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ என்னடி பண்ணியிருப்ப? பரிச்சைக்குப் படிக்கிற புள்ள."

இப்பல்லாம் எங்க எழுதறீங்கன்னு கேட்டேன். காலண்டர்லயாம். "ஆனா வருஷம் முடிஞ்சா கிழிச்சுப் போட்டுடறோம், போன வருஷக் கணக்கு தெரிய மாட்டேங்குது"ன்னு குறைப்பட்டாங்க. அப்புறம் போற போக்குல ஒண்ணு சொன்னாங்க. "ஓதம் அடிச்ச சுவருக்குத்தான் ஸ்டிக்கர் வாங்கிட்டு வந்தார் உங்க அப்பா. ஆனா முதல்ல ஒட்டினது இந்தச் சுவர்லதான்."

அந்தச் சுவர்ல ஓதமே இல்ல. நான் தொட்டுப் பார்த்தேன், கல்லு மாதிரி இருக்கு.

ராத்திரி அப்பாகிட்ட கேட்டேன். "எதுல ஒட்டினா என்ன, எல்லாச் சுவருக்கும்தானே வாங்கினேன்" என்றார். டிவி சத்தத்தைக் கூட்டினார். நானும் விட்டுட்டேன்.

போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டேன். சுவரை அப்படியே விடலாமான்னு பெயிண்டர் அண்ணன்கிட்ட கேட்டதுக்கு அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பால்பாயிண்ட் மை மேலே அடிக்கிற பெயிண்ட்லயும் ஊறி வெளியே தெரியுமாம், தேய்ச்சுத்தான் ஆகணுமாம். இதுல ஒரு விஷயம், பழைய வீடு இருக்கிறவங்க கவனிங்க. நம்ம நாட்டுல வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக்கூடாதுங்கிற விதி 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு. 1998 எனாமல்ல எவ்வளவு இருக்கும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. உப்புத்தாளை வெச்சு வறட்டுன்னு தேய்ச்சா அந்தத் தூசி மூக்குல, அரிசி டப்பாவுல எல்லாம் இறங்கும். அதனால பாத்திரத்தை எல்லாம் வெளியே எடுத்துட்டு, மாஸ்க் போட்டு, வாட்டர் பேப்பரைத் தண்ணியில நனைச்சு ஈரமாவே தேய்க்கணும். தேய்ச்ச சகதியைத் துணியால வழிச்சுத் தனியா கட்டிப் போட்டுடணும். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடுன்னா நீங்களே இறங்காதீங்க.

பாத்ரூம் குழாயை மாத்தியாச்சு. அந்தச் சுவரோட பூச்சைச் செங்கல் வரைக்கும் கொத்தி எடுத்துட்டாங்க, நல்லா காய்ஞ்சப்புறம்தான் புதுசா பூசணுமாம். அதுவரைக்கும் சமையல் வராண்டாவுல.

ஞாயித்துக்கிழமை தேதிச் சுவரை நானே தேய்ச்சேன். மேலே இருந்து ஆரம்பிச்சேன். பக்கெட் தண்ணி சீக்கிரமே பச்சையாயிடுச்சு. அப்பா வந்து நின்னார், எதுவும் பேசல, பக்கெட்டை எடுத்துட்டுப் போய் தண்ணி மாத்திக் கொண்டு வந்து வெச்சார். ரெண்டு தடவை.

கலர் இன்னும் முடிவாகல. எனக்கு வெள்ளை, தம்பிக்கு சாம்பல். அம்மாவுக்கு மறுபடியும் பச்சைதான் வேணுமாம்.